ஏச்சு நாளைக் கைவிட்ட நாடு

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இந்தக் கதையில் ராஜா பிற்பாடுதான் வருகிறார். அவரை வரவழைக்க நாம் பட்ட பாடுதான் கதை. ஆகவே சிறியவர்களே, பெரியவர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்காலத்துக்கு முன்னால், மலைக்கும் மணலுக்கும் நடுவே, வல்லேரி என்று ஒரு நாடு இருந்தது. ஒரே ஒரு பெரிய ஏரி, அதை நம்பிப் பன்னிரண்டு ஊர். அந்த நாட்டு மக்களை 'அவர்கள்' என்று சொல்லிக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடலாம். அது எனக்கும் உங்களுக்கும் சௌகரியம். ஆனாலும் நான் 'நாம்' என்றே சொல்லப் போகிறேன். கேட்டு முடித்த பிறகு ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

நமக்கு அப்போது ராஜா கிடையாது. கரைத்தலைவர் என்று ஒருவர் உண்டு. கரையைக் காப்பது, மதகைத் திறப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வது, இந்த மூன்றுதான் அவர் வேலை. ஏரி ஒன்றே ஒன்று இருக்கிற நாட்டில் இந்த மூன்றுக்கு மேல் வேறு என்ன இருக்கிறது?

ஆவணி மாதம், மலைவெள்ளம் வந்து ஏரி நிரம்பி, நாற்றங்கால்கள் பச்சை பிடித்திருக்கும் சமயத்தில், ஆளுக்கோர் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவோம். அதிகம் வந்த பெயர்க்காரர் அடுத்த ஆண்டுக்குத் தலைவர். இதை வேறு நாடுகளும் செய்தன. நாம் மட்டும் செய்தது ஒன்று உண்டு. குடம் வருவதற்கு முந்தின நாளை ஏச்சு நாள் என்று வைத்திருந்தோம்.

அன்றைக்குப் பொழுது விடிந்ததும் தலைவர் ஏரிக்கரைக்கு வந்து கவிழ்த்துப் போட்ட உரல்மேல் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து அவரை ஏசலாம். அவர் பதில் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது, தாகம் எடுத்தால் மோர் குடிக்கலாம்.

முதல் ஏச்சு கடைமடைக்காரருடையது. வாய்க்காலின் கடைசி வயல் எவருடையதோ அவர்தான் கடைமடைக்காரர். தண்ணீர் எல்லோருக்கும் போய் மிஞ்சினால்தான் அவருக்கு. ஆகவே குறை என்று ஒன்று நாட்டில் இருந்தால் அது முதலில் அவருக்குத்தான் தெரியும். கடைசி ஏச்சு தலைவரின் பெண்டாட்டியுடையது. அது காதில் விழாதபடி நாம் நாகரிகமாகத் தள்ளி நிற்போம். நடுவில் பன்னிரண்டு ஊரும் ஏசும். மதகு ஒழுகுவதற்கு ஏசுவார்கள். எருமை செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வராததற்கு ஏசுவார்கள். ஏச ஒன்றுமே அகப்படாத ஒரு கிழவர் ஆண்டுதோறும் வந்து, "உன் மூக்கு சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போவார்.

ஏச்சு முடிந்தால்தான் குடம் வரும். இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் இருட்டும் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

இப்படி இருக்கையில் பொன்னாண்டான் என்பவர் கரைத்தலைவர் ஆனார்.

அவர் நல்லவர். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். கெட்டவராக இருந்திருந்தால் நாம் பிழைத்திருப்போம். ஓராண்டு நன்றாகவே பார்த்துக்கொண்டார். அடுத்த ஆடியில் பெருவெள்ளம் வந்து கரை உடைந்தபோது, மூன்று நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, மண்மூட்டையும் வைக்கோலும் வைத்து உடைப்பை அடைத்தார். நாடு பிழைத்தது. அவருக்குக் காய்ச்சல் கண்டது.

ஏச்சு நாள் வந்தது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே வந்து உரலில் உட்கார்ந்தார்.

"ஏசுங்கப்பா" என்றார். "ஏசிட்டா நான் போய்ப் படுத்துக்குவேன்."

நமக்கு மனசு வரவில்லை. நாம் என்ன காட்டுமிராண்டிகளா? அந்த ஆண்டு கடைமடைக்காரி செம்பாயி என்ற பெண். தாய் தகப்பன் விட்டுப்போன அரை வேலி நிலத்தைத் தனி ஆளாகப் பயிர் செய்தவள். அவளே முன்னால் வந்து, "எழுந்திருங்க அண்ணே, கஞ்சி குடிச்சிட்டுப் படுங்க. உங்களை ஏச எனக்கு என்ன இருக்கு" என்றாள். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அவரைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டோம்.

ஏச்சு நடக்காததால் குடம் வரவில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. இவரைவிட நல்லவர் யார் கிடைக்கப் போகிறார்?

மறு ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். சம்பந்திகளுக்கு முன்னால் ஒருவரை உரலில் உட்கார வைத்து ஏசுவதா? "உங்க இஷ்டம்" என்றார் பொன்னாண்டான். சென்ற ஆண்டு அவர் சொன்னது "ஏசுங்கப்பா". இரண்டுக்கும் உள்ள தூரத்தை நாம் அளக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றாம் ஆண்டு அவரே ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். ஏச்சு அவசியம்தான். ஆனால் வாயால் ஏசினால் வார்த்தை தடிக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிதானமாகப் படிக்கலாம் அல்லவா?

பார்த்தீர்களா, எவ்வளவு பண்பு என்று நாம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினோம். எழுதுகிற வேலையைக் கொற்றியிடம் கொடுத்தோம்.

கொற்றி செம்பாயிக்கு மேல் வயல்காரி. பன்னிரண்டு ஊரிலும் நன்றாகப் படித்தவள், பாட்டுக் கட்டுகிறவள். அவள் பேரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், அவ்வளவுதான். கொச்சையாக எதையும் எழுத அவள் கை கூசியது.

இதற்குள் செம்பாயிக்கு ஏசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. தலைவரின் மைத்துனர் வாய்க்காலின் மேல்பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தார். முதல் போகத்தில் அதற்காக வாய்க்காலில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டினார். செம்பாயிக்குத் தண்ணீர் ஒரு நாள் தாமதமாக வந்தது. இரண்டாம் போகத்தில் ஒரு முழம் வெட்டினார். பத்து நாள் தாமதம். மூன்றாம் போகத்தில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம் வெட்டினார், தண்ணீரே வரவில்லை. செம்பாயி குடத்தில் சுமந்து ஊற்றிக் கால் வயலைக் காப்பாற்றினாள். முக்கால் வயல் கருகியது.

இதைத்தான் அவள் கொற்றியிடம் சொன்னாள். "கடைமடைக்குத் தண்ணி வரலை, உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு எழுதுங்க அக்கா" என்றாள். கொற்றி எழுதினாள்:

மடைதிறக்கும் முன்னமே மனம்திறந்த தலைமகனே,
கடைமடையும் நின்னருளைக் காத்திருக்கும் பேறுடைத்தே.

பொன்னாண்டான் இதைப் படித்து மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம். எதுகை எவ்வளவு பொருத்தம். ஏச்சு ஓலைகள் மொத்தம் நாற்பது வந்தன. நாற்பதையும் கொற்றி பாட்டாக்கினாள். நாற்பதிலும் ஒருவருக்கும் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு திருப்தியான நாட்டில் குடத்தை எதற்காகக் கொண்டுவருவது?

நான்காம் ஆண்டு யோசனையும் வரவில்லை, உரலும் வரவில்லை. ஏச்சு நாளன்று கரையில் ஒரு பந்தல் போட்டு, மெத்தை வைத்த ஆசனத்தில் தலைவரை உட்கார வைத்து, வரிசையாக நின்று வணங்கினோம்.

செம்பாயியிடம் அப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாற்றங்கால். வீட்டில் இருந்த கடைசி விதைநெல்லை அதில் விதைத்திருந்தாள். நாற்று எழுந்துவிட்டது, வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இரண்டு நாளில் தண்ணீர் வந்தால் நடலாம். வராவிட்டால் விதையும் போச்சு, நிலமும் போச்சு, நாட்டை விட்டுப் பிழைக்கப் போக வேண்டியதுதான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்கு வந்தாள். மூன்று பேர் அவளை மறித்தார்கள். மூவருமே நல்லவர்கள்.

முதலில் மறித்தவர் மிளகு வாணிகர்.

"ஏசு தாயீ, யார் வேணாங்கறா. இன்னைக்கு வேணாமே. வெளிநாட்டு வண்டியெல்லாம் வந்து நிக்குது. அயலார் பார்க்க நம்ம வீட்டுச் சண்டையா?"

"வண்டி எப்பப் போகும்?"

"ஒரு வாரம் ஆகும்."

"என் நாத்துக்கிட்ட சொல்லிட்டு வரேன் அண்ணே, ஒரு வாரம் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருன்னு" என்று சொல்லி அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அடுத்து வைத்தியர் மறித்தார்.

"நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா தலைவருக்கு இளகின நெஞ்சு. சுடுசொல் தாங்காது."

"தாங்கற நெஞ்சாப் பார்த்து ஒருத்தரை உட்கார வைங்களேன் வைத்தியரே. ஏரிக்கு எதுக்கு இளகின ஆளு? ஏற்கெனவே கரை இளகித்தான் கிடக்கு."

வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பிப் பார்த்தல் நம் நாட்டுக்குப் புதிது. அன்றைக்குத்தான் முதன்முதலில் நடந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாகக் கொற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செம்பாயி, என்கிட்ட சொல்லு. இந்தத் தடவை அழுத்தமா எழுதித் தரேன்."

"போன வருஷம் எழுதினீங்களே அக்கா, அதைச் சொல்லுங்க கேப்போம்."

கொற்றி சொன்னாள். அந்த நேரத்திலும் இரண்டாவது அடியில் குரலைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னாள்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் செம்பாயி. "இதுல தண்ணி எங்க இருக்கு?"

கையை உதறிக்கொண்டு பந்தலுக்குள் போனாள். தலைவருக்கு முன்னால் போய் நின்று, நான்கு ஆண்டாக யாரும் செய்யாததைச் செய்தாள்.

"பொன்னாண்டான், உம்ம மச்சான் வாய்க்காலை வெட்டி வச்சிருக்கான். ஒரு வண்டி போகும் அதுல. அவன் வெத்தலை எண்ணெய் தடவின மாதிரி நிக்குது, என் பயிர் அடுப்புல போட்ட மாதிரி நிக்குது. மூணு வருஷமா அந்தப் பக்கம் ஒரு நடை வந்தீரா? குனிஞ்சு உம்ம காலைப் பாரும். எவ்வளவு சுத்தமா இருக்கு. கரைத்தலைவன் கால் இப்படியா இருக்கும்? கழுத்தளவு தண்ணியில நின்னீரே, அந்த ஆள் எங்கய்யா போனாரு?"

பொன்னாண்டான் குனிந்து தம் காலைப் பார்த்தார்.

அவர் அந்த நொடியில் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலைப் பார்க்க நடந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். எழுவதற்குக் கையை ஊன்றியும்விட்டார். அதற்குள் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து தொலைத்தது.

அவ்வளவுதான். பன்னிரண்டு ஊரும் பதறிவிட்டது.

"அழ வச்சிட்டாளே."

"அந்த மனுஷனைப் போயா?"

"வயசுக்கு மரியாதை வேண்டாமா?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவ சொல்றது..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க தலைவரே, மனசு வேகும்" என்று நாமே அவரை உட்கார வைத்துவிட்டோம். தொண்டைக்கு மோர் கொடுத்தோம். அவர் மோரைக் குடித்தார். குடித்து முடித்தபோது சொல்ல வந்ததை மறந்துவிட்டாரோ, விட்டுவிட்டாரோ, அதற்குப் பிறகு சொல்லவில்லை.

செம்பாயியை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நாம் அப்படிப்பட்டவர்கள் அல்ல. பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். அவள் வந்தால் கிணற்றடியில் பேச்சு நின்றது. அவள் கேட்டால் ஏற்றம் பழுதாக இருந்தது. இரண்டு நாளில் நாற்று மஞ்சளாகி மடிந்தது. மூன்றாம் நாள் அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு எல்லைக்கு நடந்தாள். வழியனுப்புவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. புளியோதரை கட்டிக் கொடுத்தோம். அவள் அதை வாங்கி எல்லைக்கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். எவ்வளவு திமிர் என்று நாம் பேசிக்கொண்டோம்.

இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று கூடி யோசித்தோம். தலைவர் என்று இருப்பதால்தானே ஏசத் தோன்றுகிறது? ராஜா என்று ஆக்கிவிட்டால் ஒருவருக்கும் வாய் வராது, அவர் மனமும் நோகாது. இந்த அருமையான யோசனையை அவர் சொல்லவில்லை. நாம்தான் சொன்னோம். மூன்று முறை வேண்டாம் என்றார். மூன்றாவது முறை சொன்னபோது தலையைக் கொஞ்சம் குனிந்தே சொன்னார், கிரீடம் வைக்க வாகாக இருந்தது.

ராஜாவின் காதைக் காப்பாற்றப் பன்னிரண்டு பேர் தடியோடு நின்றார்கள். ஊருக்கு ஒருவர், எல்லாம் நம் பிள்ளைகள்தான். ஓலைக்குடத்தைக் கழுவிப் பட்டாபிஷேக விருந்துக்கு மோர் ஊற்றி வைத்தோம். நல்ல குடம், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன். ஆனால் நாம் ஒன்றை மறந்துவிட்டோம். படித்தவளான கொற்றியும் மறந்துவிட்டாள். செம்பாயியை அனுப்பினோம், கடைமடையை அனுப்பவில்லை. கடைசி வயல் பாழாய்ப் போனால் அதற்கு மேல் வயல் கடைசி வயல் ஆகிவிடும்.

அடுத்த ஆவணியில் கொடிக்கால் வெட்டு இரண்டு வண்டி அகலம் ஆயிற்று. கொற்றியின் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரவில்லை.

அவள் ஒரு நாள் பொறுத்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அரண்மனைக்குக் கிளம்பினாள். நான்கு காத தூரம். வழியெல்லாம் பனைமரங்களிடம் ஏசிப் பழகிக்கொண்டே போனாள். முதல் பனையிடம், "ராஜா, உம் மைத்துனன் வாய்க்காலை வெட்டிவிட்டான்" என்றாள். இரண்டாவது பனையிடம், "ராஜா, தங்கள் மைத்துனர் வாய்க்காலைச் சற்று அகலப்படுத்தியிருக்கிறார்" என்றாள். பத்தாவது பனைக்கு வரும்போது மைத்துனர் வாய்க்காலுக்கு ஏதோ உபகாரம் செய்தவர் போல் ஆகிவிட்டார். திரும்பி முதல் பனைக்கே போய் மறுபடி ஆரம்பித்தாள்.

வாசலில் தடிக்காரன் கேட்டான். "என்ன வேலையா வந்தீங்க பெரியம்மா?"

"ராஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லணும்."

"வாழ்த்துத்தானே? வலது பக்கம் போங்க."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

அவன் யோசித்தான். "இடது பக்கம் வழி இல்லை" என்றான். அவனும் நல்ல பிள்ளை. அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

கொற்றி உள்ளே போனாள். ராஜா ஆசனத்தில் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள், ஒருவரும் பேசவில்லை. அவளைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மற்றவர்கள் காதில் விழாதபடி முன்னால் சாய்ந்து, பழைய பொன்னாண்டானின் குரலில் கேட்டார்:

"கொற்றி, ஏரியில எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

கேட்டுவிட்டார். இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? அவள் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். எதுகை வேண்டாம், மோனை வேண்டாம். மூன்றே எழுத்து.

கொற்றி வாயைத் திறந்தாள். பன்னிரண்டு தடிகளைப் பார்த்தாள். அவற்றைப் பிடித்திருந்தவர்களில் இரண்டு பேருக்கு அவளே எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் தடி தடிதான்.

"வற்றாத ஏரி உன் நெஞ்சம், வாடாத பயிர் உன் குடிகள்" என்று பாடினாள்.

நன்றாக இருந்தது. அவள் கட்டியதிலேயே அதுதான் நல்ல பாட்டு என்று சொல்கிறார்கள். ராஜா மெல்ல ஆசனத்தில் சாய்ந்துகொண்டார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவளுக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தச் சொன்னார்.

ஆவணி வெயிலில் பட்டுச் சால்வையோடு நான்கு காதம் நடந்து அவள் வயலுக்கு வந்தாள். நாற்று மஞ்சளாகிவிட்டிருந்தது. காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்றாள். நின்று, ஏசினாள். ராஜாவை ஏசினாள், மைத்துனரை ஏசினாள், பன்னிரண்டு ஊரையும் பெயர் சொல்லி ஏசினாள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னை ஏசினாள். ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு சொல் கோணவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது வரப்பில் நின்ற ஒரு கொக்குதான். அதுவும் தண்ணீர் இருக்கிற இடம் தேடிப் பறந்துவிட்டது.

கொற்றியின் வழியில் வந்தவள் நான். ராஜாவுக்கு அவள் பாடிய வாழ்த்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம், விசேஷங்களில் பாடுவோம். வாய்க்காலில் நின்று ஏசியதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவளும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே இந்தக் கதையின் நீதி: தலைவரிடம் குறை சொல்லும் உரிமையை மரியாதைக்காக விட்டுக்கொடுக்கும் மக்கள், பிறகு குறை சொல்லியே ஆகவேண்டிய நாளில் அச்சத்தால் வாய்மூடி நிற்பார்கள்.